லினக்ஸில் யூஎஸ்பி தகராறு: பூட் ஆப்ஷனா, பயாஸா, புது கார்டா?

பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். பென்டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்காது. அல்லது காலையில் நன்றாக ஓடிய மவுஸ் மதியம் தத்தித் தத்தி நகரும், ரீபூட் செய்தால் சரியாகிவிடும், மறுநாள் திரும்பவும் அதே கதை. தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்: ஐஆர்க்யூபோல் என்ற பூட் ஆப்ஷனைப் போடு, நோஏபிக் போடு, பயாஸை (மெஷினை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளை) அப்டேட் செய், அடாப்டர் வைத்த ஹப் வாங்கு, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போடு, டிஸ்ட்ரோவையே (உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பையே) மாற்று. எல்லாமே யாருக்கோ எங்கேயோ கேட்ட மருந்துதான். ஆனால் வெவ்வேறு நோய்க்கான மருந்துகள். அதைப் பார்க்காமல் வரிசையாக ஒவ்வொன்றாக விழுங்கிப் பார்ப்பதில்தான் இரண்டு மூன்று வார இறுதிகள் காலியாகின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட் ஆகும்போது கெர்னலுக்கு (லினக்ஸின் உட்கருவுக்கு) கொடுக்கும் உத்தரவுகளான பூட் ஆப்ஷன்கள் நோய் எது என்று கண்டுபிடிக்க உதவும், அதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது. காசு செலவழிப்பதென்றால் முதலில் கேபிளுக்கு, அப்புறம் கன்ட்ரோலர் (யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் சிப்) உள்ள கார்டுக்கு. பயாஸ் நடுவில். டிஸ்ட்ரோ மாற்றுவது கடைசி, பெரும்பாலும் தேவையே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐஆர்க்யூ என்பது வன்பொருள் சிபியூவைக் கூப்பிடும் லைன், அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். யூஎஸ்பி சாதனத்துக்கென்று தனியாக ஐஆர்க்யூ கிடையாது. கீபோர்டோ மவுஸோ பென்டிரைவோ தானாக முன்வந்து சிபியூவைக் கூப்பிட முடியாது. கன்ட்ரோலர் போய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால்தான் பதில் சொல்லும். சாதாரண மவுஸை 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 தடவை, இப்படி விசாரித்துக்கொண்டே இருக்கும். ஐஆர்க்யூ வாங்கி வைத்திருப்பது கன்ட்ரோலர் மட்டும்தான். ஆகவே பிரிண்டருக்கும் சவுண்டு கார்டுக்கும் ஐஆர்க்யூ மோதல் என்று யாராவது சொன்னால், அந்த பிரிண்டர் எந்தக் கன்ட்ரோலரில் தொங்குகிறதோ அதற்கும் சவுண்டு கார்டுக்கும் உள்ள சங்கதியைத்தான் சொல்கிறார். இது ஏன் முக்கியம் என்றால், ஐஆர்க்யூ நோய் வந்தால் ஒரு சாதனம் மட்டும் படுக்காது, அந்தக் கன்ட்ரோலரின் கீழே உள்ள எல்லாமே சேர்ந்து படுக்கும். எல்எஸ்யூஎஸ்பி கட்டளைக்கு ஹைஃபன் டி சேர்த்தால் எது எதன் கீழே என்று மரமாகக் காட்டும். அதில் ஒரே கன்ட்ரோலரின் கீழ் உள்ள கீபோர்டு ஜோராக வேலை செய்கிறது, ஒரு பென்டிரைவ் மட்டும் தெரியவில்லை என்றால் ஐஆர்க்யூவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்து மோதல் வேறு. இன்டரப்டுகளை வாங்கி சிபியூவுக்குச் சொல்லும் 8259 சிப் இரண்டைக் கோத்து 15 ஐஆர்க்யூ கிடைக்கும், அதில் டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, சீரியலுக்கு 3, 4, ஐடிஇ டிஸ்க்குக்கு 14, 15 என்று பாதி போய்விடும். சவுண்டு கார்டையும் இன்னொரு கார்டையும் 5இல் வைத்துவிட்டால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது, கார்டைக் கழற்றி ஜம்பரை மாற்றிப் போட வேண்டும். பிசிஐ ஸ்லாட் வந்தபின் ஒரே லைனைப் பலர் பகிர்ந்துகொள்வது முறைப்படியே சரி. ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து, 16ஆம் லைனில் மூன்று டிரைவர் பெயர்கள் கமா போட்டு நிற்பதைப் பார்த்து, இதோ மோதல் என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். அது வெறும் பங்கீடு. நாலு குடித்தனத்துக்கும் ஒரே காலிங் பெல் மாதிரி: மணி அடித்தால் ஒவ்வொரு வீடும் எட்டிப்பார்த்து எனக்கில்லை என்று உள்ளே போகும், யாருடைய விருந்தாளியோ அவர் கதவைத் திறப்பார். மணி ஓயாமல் அடிக்கிறது, நாலு வீடும் எனக்கில்லை என்கிறது என்றால்தான் வம்பு.

அந்த வம்பை லினக்ஸ் கெர்னல் கணக்கு வைத்துப் பிடிக்கிறது. ஒரு லைனில் வந்த ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் தனக்குரியது என்று ஏற்றுக்கொள்ளாவிட்டால், சிபியூ இதிலேயே மூழ்கிவிடக் கூடாது என்று அந்த லைனையே மூடிவிடும். மூடினாலும் முழுக்கக் கைவிடுவதில்லை. நொடிக்குப் பத்து தடவை அந்த லைனில் பதிவான டிரைவர்களைத் தானே கூப்பிட்டு வேலை இருக்கிறதா என்று பார்க்கும். மவுஸ் தத்தித் தத்தி நகர்வது இதனால்தான்: நொடிக்கு 125 தடவை வரவேண்டிய சேதி பத்தாகக் குறைந்துவிட்டது. இந்த அறிகுறியைக் கண்ணால் பார்த்தாலே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். பாயின்டர் நின்று நின்று தாவும், தட்டிய எழுத்துகள் கொத்தாக வந்து விழும், பென்டிரைவில் காப்பி எடுத்தால் ஆமை வேகம், ஆனால் மெஷினின் மற்ற வேலைகள் வழக்கம்போல ஓடும்.

லாக் எந்தப் பக்கம் கை காட்டுகிறது

கெர்னலின் லாக்கைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஹைஃபன் டபிள்யூ போட்டு ஓடவிட்டுவிட்டு சாதனத்தைச் செருகுங்கள். நல்லபடியாக இருந்தால் நியூ ஹைஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் என்று தொடங்கி, தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று நாலைந்து வரி ஓடும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கெர்னலுக்கு நீங்கள் செருகியதே தெரியவில்லை. அப்போது முதல் சந்தேகம் கேபிள் மேல். போனோடு வந்த சில கேபிள்களில் சார்ஜுக்கான இரண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. சாதனத்தில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

செருகியது தெரிகிறது, ஆனால் டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71 என்று வருகிறது என்றால் சாதனம் பேசுகிறது, பேச்சு சிதைந்து வருகிறது. கேபிள், போர்ட், மின்சாரம், அல்லது சாதனமே பழுது. எரர் -32 என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல சாதனம் மறுக்கிறது. எரர் -110 என்பது காலாவதி; கேட்டோம், குறித்த நேரத்தில் பதில் வரவில்லை. ஏமாற்றுகிற எண் இதுதான். சாதனம் செத்திருந்தாலும் -110, சாதனம் ஒழுங்காகப் பதில் சொல்லி அதைத் தெரிவிக்க வேண்டிய இன்டரப்ட் சிபியூவுக்கு வந்து சேராவிட்டாலும் -110. ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் வந்தால் சாதனத்தின் பக்கம் தேடுங்கள். எதைச் செருகினாலும் -110 வருகிறது என்றால் ஐஆர்க்யூ பக்கம் திரும்புங்கள்.

ஐஆர்க்யூ நோய்க்கு லாக்கிலேயே கையெழுத்து உண்டு: ஐஆர்க்யூ 16 நோபடி கேர்ட் என்று ஒரு வரி, அதே வரியில் ஐஆர்க்யூபோல் போட்டு பூட் செய்து பார் என்று ஒரு யோசனை, பிறகு கால் டிரேஸ் (அந்த நேரம் கெர்னலில் ஓடிக்கொண்டிருந்தவற்றின் பட்டியல்), அதன் அடியில் ஹேண்ட்லர்ஸ் என்ற தலைப்பில் அந்த லைனில் யார் யார் பதிவாகியிருந்தார்கள் என்ற பட்டியல், கடைசியில் டிசேபிளிங் ஐஆர்க்யூ 16. நிறையப் பேர் முதல் வரியைப் பார்த்து ஐஆர்க்யூபோலுக்குப் போய்விடுகிறார்கள், ஹேண்ட்லர்ஸ் பட்டியலைப் படிப்பதில்லை. துப்பு அங்கேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வேண்டும்: பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் எனக்கில்லை என்று சொன்னவர்கள். மணியை அடித்துக்கொண்டே இருந்தது பட்டியலில் பெயரே இல்லாத வன்பொருளாகவும் இருக்கலாம். யூஎஸ்பி கன்ட்ரோலர் பெயர் பட்டியலில் இருப்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. அனேகமாக அதுவும் பாதிக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

இன்னொரு ரகம் உண்டு, அதற்கும் மேலே உள்ள எந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை. சாதனம் தெரிகிறது, டிரைவர் ஏறுகிறது, உடனே பிடுங்கிக்கொண்டு போகிறது. உபுண்டு 22.04 வந்த புதிதில் அர்டுயினோ குளோன் போர்டு வைத்திருந்தவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள போர்டைச் செருகினால் அதற்கான டிடிஒய்யூஎஸ்பி0 என்ற சீரியல் போர்ட் தோன்றிய அடுத்த நொடியே மறையும். காரணம், பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அதே அடையாள எண்ணைத் தன்னுடைய கருவி என்று நினைத்து எடுத்துக்கொண்டதுதான். டிமெசேஜில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயரே தெளிவாக வரும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பொதியை நீக்கிவிட்டால் முடிந்தது வேலை. இதற்குப் போய் ஹப் வாங்கியவர்களும் உண்டு.

காசில்லாத வழிகள், பைசா வழிகள்

சாதனம் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால் ஒப்பிடவே தேவையில்லை. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்க போர்ட் என்பது மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயரில் இழுத்துக் கொண்டுவந்தது, -71க்கு அது ரொம்பப் பிரியமான இடம். எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கழற்றுங்கள், யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. மெஷினை அணைத்து பவர் ஒயரை உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் கன்ட்ரோலர் தாறுமாறான நிலையில் சிக்கியிருந்தால் சாதாரண ரீபூட்டில் போகாதது இதில் போகும். வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தால் அதன் டாங்கிளைப் பாருங்கள்: பக்கத்திலேயே யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழும். இதைப் பற்றி இன்டெல்லே 2012இல் ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

அடாப்டர் வைத்த ஹப் வாங்கலாமா? மின்சாரம்தான் பிரச்சினை என்று லாக் சொன்னால் மட்டும். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை, யூஎஸ்பி 3 போர்ட் 900 வரை தரவேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடியில் இதைத் தாண்டிவிடும், உடனே சாதனம் விழுந்து எழுந்து விழும். அடாப்டர் இல்லாத ஹப் என்றால் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான், அதற்கு மேல் கேட்கும் சாதனத்தை கெர்னல் போதுமான பவர் இல்லை என்று சொல்லியே நிராகரிக்கும். இந்த இரண்டு நிலைமைக்கும் அடாப்டர் ஹப் சரியான பதில். ஐஆர்க்யூ நோய்க்கு அது எந்த விதத்திலும் உதவாது, ஏனென்றால் ஹப்பும் அதே கன்ட்ரோலரின் கீழ்தான் தொங்கப் போகிறது. மலிவு ஹப்புகள் சிலவற்றில் அடாப்டர் கரண்ட் மதர்போர்டுக்கே திரும்பி ஏறும், மெஷினை அணைத்த பின்னும் போர்டில் விளக்கு எரிந்தால் அதுதான்.

பயாஸ் பக்கம் மாற்றிப் பார்க்க மூன்று நாலு இடம் உண்டு. லெகசி யூஎஸ்பி என்ற அமைப்பு, யூஎஸ்பி கீபோர்டை பயாஸே பழைய கீபோர்டு போலக் காட்டுவதற்காக. லினக்ஸ் பூட் ஆகும்போது கன்ட்ரோலரை பயாஸிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பயாஸ் விடாமல் பிடித்துக்கொண்டால் டிமெசேஜில் பயாஸ் ஹேண்ட்ஆஃப் ஃபெயில்ட் என்று வரும். அந்த வரி இருந்தால் இஎச்சிஐ (யூஎஸ்பி 2 கன்ட்ரோலர்), எக்ஸ்எச்சிஐ (யூஎஸ்பி 3 கன்ட்ரோலர்) ஹேண்ட்ஆஃப் அமைப்புகளை ஆன் செய்து பாருங்கள், வரி இல்லையென்றால் தொட வேண்டாம். ஏஎம்டி 970, 990எஃப்எக்ஸ் போர்டுகள் சிலவற்றில் பயாஸில் ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கவனிக்கும் பகுதி) அணைந்திருந்தால் 64 பிட் லினக்ஸில் யூஎஸ்பி 3 போர்ட்டும் நெட்வொர்க்கும் சேர்ந்து படுத்துக்கொள்ளும், ஆன் செய்தால் எழுந்துவிடும். பழைய பயாஸில் பிசிஐ ஸ்லாட்டுக்கு ஐஆர்க்யூ எண் ஒதுக்குகிற பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பது மட்டும் வீண். ஐஓ-ஏபிக் (8259க்குப் பின் வந்த இன்டரப்ட் சிப்) ஓடும் லினக்ஸில் 16 முதல் 23 வரையான லைன்கள் போர்டில் எப்படி இணைத்திருக்கிறதோ அப்படித்தான் வரும், அந்தப் பக்கத்தில் போடும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பயாஸ் அப்டேட் என்பது ரிலீஸ் குறிப்பில் யூஎஸ்பி அல்லது ஐஆர்க்யூ பற்றி ஏதாவது எழுதியிருந்தால் செய்யத்தக்கது. பாதியில் கரண்ட் போனால் போர்டு அதோடு போச்சு, யூபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பூட் ஆப்ஷன்கள்: சோதனைக்கு மட்டும்

இப்போது எல்லாரும் முதலில் ஓடும் இடத்துக்கு வருவோம். பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் ஈ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அடித்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும். கோப்பில் எழுதாமல் இப்படித்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐஆர்க்யூஃபிக்ஸப் என்று ஒன்று, ஐஆர்க்யூபோல் என்று ஒன்று. முதலாவது, யாரும் ஏற்காத இன்டரப்ட் வந்தால் அந்த லைனில் மட்டும் பார்க்காமல் மெஷினில் உள்ள எல்லா ஹேண்ட்லரையும் (இன்டரப்டைக் கவனிக்கும் டிரைவர் பகுதிகளை) கேட்டுப் பார்க்கும். இரண்டாவது அதையும் செய்து, கூடவே ஒவ்வொரு டைமர் துடிப்பிலும் எல்லாரையும் விசாரிக்கும். வன்பொருள் ஒரு லைனில் இன்டரப்ட் அனுப்பி, கெர்னல் வேறு லைனில் காத்திருக்கும் கேஸ், அதாவது பயாஸ் கொடுத்த வரைபடமே தப்பு என்றால், இவை இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஆகவே ஐஆர்க்யூபோல் போட்டதும் குணமானால், ரூட்டிங் (யாருடைய இன்டரப்ட் எந்த லைனில் என்ற வரைபடம்) தப்பு என்பதற்கு அது வலுவான அடையாளம். அதோடு சரி, அதை நிரந்தரமாக வைக்காதீர்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தேவையில்லாத விசாரணை நடந்துகொண்டே இருக்கும், பழைய சிபியூவில் ஆடியோ விக்கும், ரியல்டைம் கெர்னலில் இந்த ஆப்ஷனுக்கு ஆதரவே கிடையாது. லைன் உண்மையிலேயே சிக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் ஐஆர்க்யூபோல் அதை நிறுத்தவும் நிறுத்தாது.

நோஐஆர்க்யூடீபக் என்று ஒன்றைச் சில பேர் பரிந்துரைக்கிறார்கள். அது செய்வது, லைனை மூடும் அந்தக் காவலையே வேலையிலிருந்து நீக்குவது. லாக்கில் வரி வராது, சந்தோஷமாக இருக்கும். லைன் சிக்கிக்கொண்ட அன்றைக்கு ஒரு கோர் முழுவதும் இன்டரப்ட் வாங்குவதிலேயே போய் மெஷின் உறையும். எனக்குப் பிடிக்காத ஆப்ஷன் இது.

நோஏபிக்கும், பயாஸின் ஏசிபிஐ தரும் ஐஆர்க்யூ வரைபடத்தை ஒதுக்கிவிடும் ஏசிபிஐ நோஐஆர்க்யூவும் இன்னும் பழைய வைத்தியம். நோஏபிக் போட்டால் ஐஓ-ஏபிக்கை விட்டுவிட்டு பழைய 8259 முறைக்கே போகிறோம். 24 லைன் இருந்த இடத்தில் 15, பங்கீடு இன்னும் நெரிசலாகும், எல்லா இன்டரப்டும் முதல் கோருக்கே வரும். 2005க்கு முந்தைய போர்டு ஒன்று இதில் உயிர்பெறலாம், இன்றைய யூஇஎஃப்ஐ (பயாஸின் வாரிசு) மெஷின் பூட் ஆகாமலே போகலாம். பிசிஐ நோஎம்எஸ்ஐ என்பதைப் போடுமுன் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்: எம்எஸ்ஐ என்பது லைனே இல்லாமல், சாதனம் மெமரியில் ஒரு எழுத்து எழுதி இன்டரப்ட் சொல்லும் முறை, பங்காளி கிடையாது. அதை அணைத்தால் தனியாக நிம்மதியாக இருந்தவர்களையும் பொது லைனுக்கு இழுத்துவருகிறோம். எம்எஸ்ஐயே ஓட்டையான ஒரு சில கன்ட்ரோலருக்குத்தான் அது மருந்து. பங்கீட்டுத் தகராறில் போட்டால் நிலைமை மோசமாகும்.

பக்கத்து வீட்டுக்காரரை வெளியேற்றுவது

இதைத்தான் நான் பூட் ஆப்ஷனுக்கு முன்னால் வைப்பேன். இன்டரப்ட்ஸ் கோப்பில் யூஎஸ்பியோடு லைனைப் பகிர்கிறவர் யார்? பழைய டிவி கார்டு, ஃபயர்வயர், யாரும் தொடாத பிசிஐ மோடம் என்றால் கழற்றி வையுங்கள், அல்லது பயாஸில் அணையுங்கள். கழற்ற முடியாத கார்டு என்றால் வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போடுங்கள். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இன்டரப்ட் கம்பிகள் ஒரு இடம் தள்ளி இணைத்திருக்கும், ஆகவே லைன் எண் மாறும். செலவில்லாத வழி, ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டும்.

டிரைவரை பிளாக்லிஸ்டில் போடுவது அப்படி நேர்வழி இல்லை. டிரைவர் ஏறாவிட்டாலும் வன்பொருள் அங்கேதான் இருக்கிறது, அது மணியடித்தால் கதவைத் திறக்க இப்போது ஆளே இல்லை. சில கேஸில் நோயை உண்டாக்குவதே இந்த பிளாக்லிஸ்ட்தான், டிரைவரைத் திரும்ப ஏற்றினால் குணமாகும். விதிவிலக்கும் உண்டு: இன்டெல் எஸ்எம்பஸ்ஸுக்கான (மதர்போர்டின் சென்சார் மாதிரி சின்னச் சிப்புகள் பேசும் வழி) ஐ2சி-ஐ801 டிரைவர் 18ஆம் லைனில் இதே புகாரில் அடிக்கடி அடிபடும், அதற்கு டிஸேபிள் ஃபீச்சர்ஸ் என்ற மாட்யூல் பாராமீட்டரில் இன்டரப்டே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது.

2011 வாக்கில் வந்த போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இன்டெல் பி67, எச்67 சிப்செட்டுகளில் பிசிஐ கிடையாது. வாங்குகிறவர்களிடமோ பிசிஐ கார்டுகள் இருந்தன. அதனால் பல போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐக்கு மாற்றும் பிரிட்ஜ் சிப்பை வைத்தார்கள். அதில் ஏஎஸ்எம்1083 லினக்ஸ்காரர்களிடம் பெயர் கெட்டுப்போன சிப். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஐஆர்க்யூ லைன் என்பது நிஜக் கம்பி இல்லை. லைனை இழு என்று ஒரு செய்தி, விடு என்று ஒரு செய்தி. இந்தப் பிரிட்ஜ் சில சமயம் இரண்டாவது செய்தியை அனுப்பாமல் விட்டுவிடும். லைன் இழுத்தபடியே நிற்கும், கெர்னல் எண்ணி எண்ணிப் பார்த்து மூடும், அதே லைனில் இருந்த அப்பாவி இஎச்சிஐ கன்ட்ரோலரும் சேர்ந்து மாட்டும். பிசிஐ சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் பட்டியலில் இந்தப் பெயர் தெரிந்து, பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டும் இருந்தால், வேறு எதையும் செய்யுமுன் அந்தக் கார்டைக் கழற்றி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

காசு போடுவதென்றால் கார்டு

பழைய இஎச்சிஐ கன்ட்ரோலர்கள் பொது லைனில்தான் உட்காரும். எக்ஸ்எச்சிஐ, அதாவது யூஎஸ்பி 3 கன்ட்ரோலர், எம்எஸ்ஐ பயன்படுத்தும். இன்டெல் சிப்செட்டிலேயே எக்ஸ்எச்சிஐ வந்தது 2012இல் 7 வரிசையில். 2015இல் 100 வரிசை வந்தபோது இஎச்சிஐ மொத்தமாக நீங்கிவிட்டது. அதனால்தான் ஐஆர்க்யூ 16 புகார்கள் அந்தத் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களிலேயே குவிகின்றன. பழைய மெஷினில் ஒரு யூஎஸ்பி 3 பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டைப் போடுகிறோம் என்றால் வேகத்துக்காக இல்லை, பங்காளி இல்லாத ஒரு இன்டரப்டுக்காக.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது சிப் பெயரைக் கேளுங்கள். ரெனிசாஸின் யூபிடி720201 என்றால் நாலு போர்ட், 720202 என்றால் இரண்டு. லினக்ஸில் நெடுநாள் பழகியவை. ரோம் இல்லாத மலிவுக் கார்டில் ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும், அதைத் தவிருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டின் பவர் சப்ளை) ஒயர் செருக இடமுள்ள கார்டாகப் பாருங்கள்: நாலு போர்ட்டும் 900 மில்லிஆம்பியர் இழுத்தால் 18 வாட், எக்ஸ்1 (சின்ன ஸ்லாட்) கார்டுக்கு ஸ்லாட்டில் தொடக்க வரம்பு 10 வாட்தான். பிசிஐ ஸ்லாட் மட்டுமே உள்ள போர்டில் பழைய பிசிஐ யூஎஸ்பி கார்டு போடுவதில் அர்த்தமில்லை, திரும்பவும் அதே பொது லைன். பிரிட்ஜ் சிப்தான் குற்றவாளி என்றால் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதை.

கார்டின் குறை ஒன்று: பழைய பயாஸுக்கு இந்தக் கார்டைத் தெரியாது. அதில் செருகிய கீபோர்டு க்ரப் மெனுவில் வேலை செய்யாது, பென்டிரைவிலிருந்து பூட்டும் ஆகாது. கீபோர்டை மதர்போர்டிலேயே விடுங்கள். உருண்டை பிஎஸ்2 துளை இருந்தால் அதைவிட நல்லது, அதற்கு 1ஆம் ஐஆர்க்யூ, யூஎஸ்பி சண்டையில் அது தலையிடாது.

புதுக் கெர்னல், புது டிஸ்ட்ரோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. புத்தம் புது மெஷினில் கன்ட்ரோலரே தடுமாறினால் புதுக் கெர்னலில் அதற்கான குயர்க் (வன்பொருளின் குறையைச் சமாளிக்கும் திருத்தம்) சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு வருடப் போர்டுக்கு அது வராது. டிஸ்ட்ரோ மாற்றினால் மாறுவது பெரும்பாலும் வால்பேப்பர்தான்.

லேப்டாப்காரர்களுக்கு ஸ்லாட் கிடையாது, அதனால் தேர்வும் சுருங்கிவிடுகிறது. நல்லவேளையாக அங்கே வருவது வேறு வியாதிகள். சும்மா இருந்துவிட்டுத் தொட்டால் மவுஸ் விழிக்கவில்லை என்றால் ஆட்டோசஸ்பெண்ட், அதாவது சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைப்பது. டிஎல்பி, பவர்டாப் மாதிரி மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கருவிகள் அதை எல்லாச் சாதனத்துக்கும் ஆன் செய்துவிடும். யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பை -1 என்று கொடுத்துப் பாருங்கள், அல்லது அந்த ஒரு சாதனத்தை மட்டும் டிஎல்பி விலக்குப் பட்டியலில் சேருங்கள், பேட்டரிக்கு அதுதான் நல்லது. எச்சி டைடு (கன்ட்ரோலர் செத்துவிட்டது) என்று லாக்கில் வந்து எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் போனால், ரீபூட் செய்யாமலே எக்ஸ்எச்சிஐ டிரைவரிலிருந்து கன்ட்ரோலரை அன்பைண்ட் செய்து (பிரித்து) மறுபடி பைண்ட் செய்யலாம் (சேர்க்கலாம்), பல நேரம் எழுந்துவிடும். அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் ஹப்பையோ டாக்கையோ சந்தேகப்படுங்கள்.

சரி, எதை எடுப்பது? கடை பில்லிங் மெஷின், ஸ்கேனரும் தெர்மல் பிரிண்டரும் நாள் முழுக்க ஓடவேண்டும், லாக்கில் நோபடி கேர்ட் வருகிறது: பங்காளிக் கார்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் தயங்காமல் யூஎஸ்பி 3 கார்டு. கவுண்டரில் ஆள் நிற்கும்போது ஐஆர்க்யூபோலை நம்பி உட்கார முடியாது. வீட்டு பேக்கப் சர்வர், வெளி டிஸ்க் நடுராத்திரியில் விழுகிறது, -71 வருகிறது: கேபிள், அப்புறம் அடாப்டர் ஹப், கார்டு தேவையில்லை. எப்போதாவது ஓட்டும் இருபது வருட மெஷின், அதற்குக் காசு போட மனமில்லை: அங்கே மட்டும் ஐஆர்க்யூஃபிக்ஸப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், ஐஆர்க்யூபோலைவிட சுமை குறைவு.

கார்டு மாட்டியபின் இன்டரப்ட்ஸ் கோப்பை ஒருமுறை பாருங்கள். எக்ஸ்எச்சிஐ வரியில் ஐஓ-ஏபிக் என்று இல்லாமல் எம்எஸ்ஐ என்று இருக்க வேண்டும், வேறு பெயர் எதுவும் கூட இருக்கக் கூடாது. அப்படி வரவில்லை என்றால், சோதனைக்கு என்று எப்போதோ எழுதிவைத்த நோஎம்எஸ்ஐ, ஐஆர்க்யூபோல் எல்லாம் க்ரப் அமைப்புக் கோப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். அவற்றை அழித்து, அப்டேட்-க்ரப் ஓட்டி, மெஷினை முழுவதுமாக அணைத்துப் போடுங்கள்.